ட்ரென்ட் கையெழுத்துப் போடுவாரா, மாட்டாரா?

கோப் மேடை | 6 ஜனவரி 2025

நேற்றைய ஆட்டம் பார்த்தீர்களா? எங்கள் லிவர்பூலின் மைதானமான அன்ஃபீல்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் 2-2. பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் நாங்கள், பாதிக்குக் கீழே கிடக்கும் அவர்களிடம் இரண்டு கோல் வாங்கிக்கொண்டோம். எங்கள் வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டு இவ்வளவு மோசமாக ஆடி நான் பார்த்து வெகுநாளாகிறது. சாதாரணப் பந்தை எதிரணிக்குக் கொடுக்கிறார், முதுகுக்குப் பின்னால் ஓடுகிறவரைக் கவனிக்கவில்லை. உடல் அன்ஃபீல்டில், மனம் எங்கோ.

எங்கோ என்ன எங்கோ, எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். ஒப்பந்தம் ஜூன் 30 அன்று முடிகிறது. இந்த மாதமே அழைத்துக்கொள்கிறோம் என்று ரியல் மாட்ரிட் கேட்டதையும் எங்கள் கிளப் முடியாது என்று சொன்னதையும் எல்லாச் செய்தித்தாள்களும் போட்டுவிட்டன. அவர் வாயைத் திறக்கவில்லை. பேச்சுவார்த்தையை ஊர் பார்க்க நடத்த மாட்டேன் என்று செப்டம்பரிலேயே சொன்னவர், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்.

என் நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதில் இந்த கிளப்புக்குள் வந்த பையன். இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. போட்டுவிடுவார். உங்கள் கருத்து?

சிவப்புச் சாத்தான் | 6 ஜனவரி 2025

முதலில் நேற்றைய ஒரு புள்ளிக்கு நன்றி. உங்கள் வலப்பக்கம் திறந்த வீடு மாதிரி இருந்தது, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்வந்தோம்.

எங்கள் முன்னாள் அணித்தலைவர் ராய் கீன் நேற்று தொலைக்காட்சியில் சொன்னதைக் கேட்டீர்களா? இப்படித் தடுத்தாடினால் இவர் போகப்போவது ரியல் மாட்ரிட்டுக்கு அல்ல, ட்ரான்மியர் ரோவர்ஸுக்கு என்றார். நான்காம் நிலை அணி அது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இவரைத் தடுப்பாட்டக்காரர் என்று இழையில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். யாரைத் தடுத்தார்?

கோப் மேடை | 6 ஜனவரி 2025

கடைசி நொடியில் ஆளே இல்லாத இடத்தில் பந்தைப் பெற்று வானத்துக்கு அனுப்பிய உங்கள் மாகுவயரை முதலில் தரையிறக்குங்கள், பிறகு பேசலாம்.

தடுத்தாரா இல்லையா என்பதற்கு ஒரு பதில். 2019-20 பருவத்தில் பிரீமியர் லீக்கில் 13 கோல்களுக்குக் கடைசிப் பந்தைக் கொடுத்தவர் இவர். ஒரு பின்கள வீரர். உங்கள் நடுகளம் முழுவதையும் கூட்டினாலும் அந்த ஆண்டு அப்படி ஒரு பந்து வந்திருக்காது. வலது மூலையிலிருந்து இடது மூலைக்கு அறுபது மீட்டர் பந்து போடுகிறவரிடம், அவ்வப்போது முதுகைக் கவனிக்கவில்லை என்று குறை சொல்வது, நாதஸ்வரக்காரர் தவில் வாசிக்கவில்லை என்று வருத்தப்படுவதைப் போல.

பெர்னபேயு பித்தன் | 6 ஜனவரி 2025

சண்டை போடுங்கள் நண்பர்களே. ரியல் மாட்ரிட்காரர்கள் நாங்கள் அவசரப்படுவதில்லை. 2021இல் டேவிட் அலாபா, 2022இல் அன்டோனியோ ரூடிகர், போன கோடையில் எம்பாப்பே. எல்லோரும் ஒப்பந்தம் முடிந்து தாங்களாகவே நடந்து வந்தவர்கள். மரத்தை உலுக்குவது எங்கள் வழக்கமில்லை. பழுக்கும்வரை கீழே உட்கார்ந்திருப்போம்.

பீரங்கிக்காரன் | 7 ஜனவரி 2025

பழுக்கும்வரை உட்கார்ந்திருந்தவர்கள் எதற்காக டிசம்பர் கடைசியில் கல்லெறிந்து பார்த்தார்கள்?

ஆர்சனலில் நாங்கள் இந்த நாடகமே வேண்டாம் என்று வில்லியம் சலீபாவுக்கு 2023 கோடையிலேயே நீண்ட ஒப்பந்தம் போட்டுவிட்டோம். அப்போது பழைய ஒப்பந்தத்தில் ஓராண்டுதான் மீதி இருந்தது. தூக்கம் வராத பத்து நாட்கள், அவ்வளவுதான். லிவர்பூலில் ஒரே நேரத்தில் மூன்று பேர் கதவருகே நிற்கிறார்கள்: சலா, வான் டைக், ட்ரென்ட். ஒரு கிளப் எப்படி இந்த நிலைக்கு வரும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

விதிப்புத்தகம் | 7 ஜனவரி 2025

நான் எந்த அணியும் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவள். ஆனால் மேலே இரண்டு இடத்தில் "ரியல் மாட்ரிட் திருட்டுத்தனமாகப் பேசுகிறது" என்ற தொனி தெரிகிறது. அதனால் சொல்கிறேன். ஃபிஃபாவின் விதிப்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாதத்துக்குள் இருக்கும் வீரர் வேறு கிளப்புடன் கையெழுத்துப் போடலாம். ஆகவே ஜனவரி 1 முதல் வெளிநாட்டு கிளப் எதுவும் அவர் முன்னால் காகிதத்தை வைக்கலாம். இதே சலுகை இங்கிலாந்துக்குள்ளேயே இருக்கும் இன்னொரு அணிக்கு இப்படிக் கிடைக்காது. மாட்ரிட்டுக்கு வழி திறந்திருக்கிறது, ஆர்சனலுக்கு மூடியிருக்கிறது.

இந்த உரிமை வானத்திலிருந்து விழவில்லை. இங்கிலாந்தில் 1961 வரை எந்த வீரருக்கும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. அதைவிடக் கொடுமை, ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிளப் விடவில்லையென்றால் வீரர் எங்கும் போக முடியாது. நியூகாசில் அணியின் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் அப்படி மாட்டிக்கொண்டு, ஆடாமல் வெளியே போய் கார்க் விற்கும் வேலை பார்த்தார். பிறகு ஆர்சனலுக்குப் போனார், வழக்கையும் விடவில்லை. 1963இல் நீதிமன்றம் அந்த முறை நியாயமற்றது என்றது.

அப்போதும் முழு விடுதலை இல்லை. பெல்ஜியத்தின் லியேஜ் அணியில் ஆடிய ஜான்-மார்க் போஸ்மனுக்கு 1990இல் ஒப்பந்தம் முடிந்தது. பழைய சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குதான் தருவோம் என்றார்கள். பிரான்சில் டன்கர்க் அணிக்குப் போகப் பார்த்தார், பணம் கட்டினால்தான் விடுவோம் என்றார்கள். அவர் நீதிமன்றத்துக்குப் போனார். ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று தீர்ப்புச் சொன்னபோது அவருடைய ஆட்டவாழ்வு கிட்டத்தட்ட முடிந்துபோயிருந்தது. இன்றைக்கு அலாபாவும் ரூடிகரும் "நடந்து வந்தார்கள்" என்கிறீர்களே, அவர்கள் நடந்த பாதையை வெட்டியவருக்கு அதில் நடக்க வாய்க்கவில்லை.

கோப் மேடை | 7 ஜனவரி 2025

நன்றி அக்கா. உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. உரிமை இருப்பதாலேயே ஒன்றைச் செய்தாக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

நீலச்சிங்கம் | 8 ஜனவரி 2025

செல்சி ரசிகன் பேசுகிறேன், அழுது முடித்தவன். ரூடிகரை நாங்கள் எப்படி இழந்தோம் தெரியுமா? 2022 மார்ச்சில் உரிமையாளர்மீது அரசு தடை விதித்தபோது யாருக்கும் புதிய ஒப்பந்தம் கொடுக்கவே எங்களுக்கு அனுமதி இல்லை. மேசையில் அவர் இருக்கிறார், எங்கள் பக்கம் பேனா இல்லை. கிறிஸ்டென்சனும் அதே கோடையில் பார்சிலோனாவுக்குப் போனார். எங்களுக்காவது காரணம் இருந்தது.

நான் கணக்குப் பார்க்கும் தொழிலில் இருப்பவன், ஆகையால் உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு ஒன்று சொல்கிறேன். விலை கொடுத்து வாங்கிய வீரரின் விலையை, ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து ஆண்டுதோறும் செலவாக எழுதுவார்கள். சொந்த அகாடமியில் வளர்ந்தவருக்கு அப்படி ஒரு விலையே ஏட்டில் கிடையாது. விற்றால் வருகிற தொகை முழுதும் லாபம். மேசன் மவுன்ட்டை 2023இல் ஓராண்டு மீதி இருக்கும்போதே யுனைடெட்டுக்கு 5.5 கோடி பவுண்டுக்குக் கொடுத்தோம். அது மொத்தமும் லாபமாக ஏட்டில் ஏறியது. ட்ரென்ட்டுக்கு அதே கோடையில் இரண்டு ஆண்டு மீதி. அப்போது ஒன்று கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும், அல்லது விலை பேசியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் 2025 ஜனவரிவரை வந்துவிட்டு, பையன் துரோகி என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

சிவப்புச் சாத்தான் | 8 ஜனவரி 2025

மவுன்ட் பேச்சை எடுக்காதீர்கள், அந்தப் பணத்துக்கு நாங்கள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறோம்.

எண் 66 | 9 ஜனவரி 2025

எல்லோரும் கணக்கும் சட்டமும் பேசுகிறீர்கள். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2019 மே 7, பார்சிலோனாவுடன் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டத்தில் 3-0 என்று தோற்று வந்திருக்கிறோம். 79வது நிமிடம், இப்போது 3-0 என்று நாங்கள் முன்னிலை. கார்னர். பந்து எடுத்துப்போடும் சிறுவன் சட்டென்று பந்தைத் தருகிறான். ட்ரென்ட் பந்தை வைத்துவிட்டு, வேறு யாரோ எடுக்கட்டும் என்பதுபோல் இரண்டு எட்டு விலகி நடக்கிறார். திரும்பிப் பார்க்கிறார். பார்சிலோனா வீரர்கள் ஒருவரும் பந்தைப் பார்க்கவில்லை. ஒரே ஓட்டம், ஒரே உதை, ஓரிகி, கோல். அப்போது அவருக்கு இருபது வயது. அந்த மூளை வேறு சட்டையில் வேலை செய்வதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

பெர்னபேயு பித்தன் | 9 ஜனவரி 2025

நாங்கள் கற்பனை செய்துவிட்டோம் தம்பி. வெள்ளைச் சட்டையில் நன்றாகவே இருக்கிறது. அன்றைக்கு அடிவாங்கியது பார்சிலோனா என்பதால் அந்தக் காட்சியை நாங்களும் அடிக்கடி போட்டுப் பார்ப்போம்.

(இழையில் இரண்டு மாதம் பதிவில்லை)

சிவப்புச் சாத்தான் | 26 மார்ச் 2025

தட்டி எழுப்புகிறேன். மாட்ரிட்டுடன் பேச்சு முடியும் கட்டத்தில் இருக்கிறது என்று நேற்று எல்லா இடத்திலும் செய்தி. கோப் மேடையார் நலமா?

கோப் மேடை | 26 மார்ச் 2025

நலமில்லை. பாரிஸ் அணியிடம் பெனால்டியில் தோற்ற இரவில் அவர் கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார், அடுத்த ஞாயிறு லீக் கோப்பை இறுதியில் நியூகாசிலிடம் தோற்றோம், இப்போது இது.

ஆனால் நீலச்சிங்கம் ஜனவரியில் கேட்ட கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. 2023 கோடையில் ஏன் பேசவில்லை? உட்கார்ந்து பழைய செய்திகளைப் புரட்டினேன். வீரர் வாங்கல் விற்றலைப் பார்த்துக்கொண்ட மைக்கேல் எட்வர்ட்ஸ் 2022 கோடையில் விலகினார். அவருக்குப் பின் ஜூலியன் வார்டு. பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே அவரும் பருவ முடிவில் போவதாகச் சொல்லிவிட்டார். பிறகு யோர்க் ஷ்மாட்கே, தற்காலிக ஏற்பாடு, 2024 தொடக்கத்தில் அவரும் இல்லை. அந்த ஜனவரி 26 அன்று பயிற்சியாளர் க்ளோப்பே விடைபெறுகிறேன் என்றார். பிறகு ரிச்சர்ட் ஹியூஸ் வந்தார், அவர் மேசையைத் துடைத்து உட்காரும்போது 2024 கோடை. ஒப்பந்தத்தில் ஓராண்டு மீதி.

ட்ரென்ட் கையெழுத்துப் போட நினைத்திருந்தால்கூட, யாரிடம் போயிருப்பார்? இரண்டு ஆண்டுகளில் அந்த நாற்காலியில் நான்கு பேர். பேச்சுவார்த்தை முறிந்தது என்று எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அது தொடங்கவேண்டிய நேரத்தில் தொடங்கவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

விதிப்புத்தகம் | 26 மார்ச் 2025

இந்த இழையில் வந்த பதிவுகளிலேயே உருப்படியானது இதுதான்.

சிவப்புச் சாத்தான் | 26 மார்ச் 2025

மறுக்கவில்லை. ஆனால் அதே நாற்காலிக்காரர் வராத காலத்தில் வேறு சிலருக்கு ஒப்பந்தம் நீட்டினார்களே? மனம் இருந்தால் மார்க்கம் உண்டு. பையனுக்கும் மனமில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோப் மேடை | 27 மார்ச் 2025

சேர்த்துக்கொள்கிறேன். வலிக்கிறது, ஆனாலும்.

பீரங்கிக்காரன் | 17 ஏப்ரல் 2025

சலா போன வெள்ளிக்கிழமை கையெழுத்து, இன்று வான் டைக். இருவருக்கும் 2027வரை. மூன்றில் இரண்டு. இனி மூன்றாவதும் வந்துவிடும் என்று லிவர்பூல்காரர்கள் ஆட ஆரம்பித்திருப்பார்களே?

நீலச்சிங்கம் | 17 ஏப்ரல் 2025

இரண்டும் வேறு கணக்கு. வான் டைக்குக்கு ஜூலையில் 34. 2018இல் 7.5 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியவர், அந்தத் தொகை ஏட்டில் எப்போதோ கரைந்துவிட்டது. அவருக்குத் தேவை இரண்டு ஆண்டு உறுதி, கிளப்புக்குத் தேவை அணித்தலைவர். இருவருக்கும் போக வேறு நல்ல இடம் அதிகமில்லை. அப்படிப்பட்ட பேச்சுவார்த்தை எப்படியும் முடிந்துவிடும். 26 வயதுக்காரர் கதை தலைகீழ். அவருக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னும் ஆறு ஆண்டு காத்திருக்கிறது. தவிர, மாற்றுத்தொகை கட்டவேண்டாம் என்பதால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு வீரருக்கே கையெழுத்துத் தொகையாகப் போகும். "இலவசமாக வருகிறார்" என்று நாம் சொல்வது பாதிப் பொய். விலை இருக்கிறது, வாங்குகிற கை மாறுகிறது.

பெர்னபேயு பித்தன் | 17 ஏப்ரல் 2025

அவர் வருவது பணத்துக்காக இல்லை. ரியல் மாட்ரிட் என்பது வேறு உயரம். அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளக் கூப்பிட்டால் எவரும் பேரம் பேசுவதில்லை. எங்கள் கிளப்பும் வீரர்களைக் குடும்பமாகவே நடத்தும்.

சிவப்புச் சாத்தான் | 17 ஏப்ரல் 2025

குடும்பமா? செர்ஹியோ ராமோஸ் என்று ஒருவர் இருந்தாரே, அவர் எந்த வழியில் சொந்தம்?

பெர்னபேயு பித்தன் | 18 ஏப்ரல் 2025

ஒரு நாள் முழுக்கப் பதில் எழுதாமல் இருந்தேன். சரி, சொல்லிவிடுகிறேன்.

ராமோஸ் 16 ஆண்டுகள் ஆடினார். 671 ஆட்டம், 101 கோல், ஒரு தடுப்பாட்டக்காரர். 2014இல் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் 92வது நிமிடம் 48வது நொடியில் அவர் தலையால் அடித்த கோல் இல்லையென்றால் பத்தாவது கோப்பை இல்லை. அந்த நொடியை எண்ணாகச் சொன்னாலே எங்கள் ஆட்களுக்குப் புரியும். அப்படிப்பட்டவருக்கு 2021இல் சம்பளத்தைக் குறைத்து ஓராண்டுதான் தருவோம் என்றார்கள். அவர் இரண்டாண்டு கேட்டார். இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் சரி, ஓராண்டே போதும் என்று இறங்கி வந்தபோது, அந்த வாய்ப்பின் காலக்கெடு முடிந்துவிட்டது என்றார்கள். கெடு இருந்ததே தனக்குத் தெரியாது என்று விடைபெறும் நாளில் அவர் சொன்னார், கண்ணீரோடு. பிறகு பாரிஸ் அவருக்கு இரண்டாண்டு கொடுத்தது.

என் அப்பா இறந்தபோது அழாத நான் அந்தப் பத்திரிகையாளர் சந்திப்பைப் பார்த்து அழுதேன் என்று என் மனைவி இன்றுவரை குத்திக்காட்டுவாள். ஆகையால் குடும்பம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இங்கே யாரும் யாருக்கும் சொந்தமில்லை.

கோப் மேடை | 18 ஏப்ரல் 2025

மாட்ரிட் ரசிகர் ஒருவரிடம் எனக்கு இரக்கம் வரும் என்று நான் நினைத்ததில்லை. பதிவுக்கு நன்றி.

எண் 66 | 20 ஏப்ரல் 2025

லெஸ்டரில் கோல்!!! காயத்திலிருந்து திரும்பி வந்து, பதிலியாக இறங்கி, இடது காலால்! சட்டையைக் கழற்றிக் கார்னர் கொடிக்கம்பத்தில் மாட்டினார், பார்த்தீர்களா? எங்கள் ரசிகர்கள் இருந்த பக்கத்துக்கு நேராக. போகிறவர் இப்படிச் செய்வாரா? இருக்கிறார், இருக்கிறார், இருக்கிறார்!

சிவப்புச் சாத்தான் | 20 ஏப்ரல் 2025

தம்பி, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டார் என்றும் அதைப் படிக்கலாம்.

நடுவர் | 21 ஏப்ரல் 2025

மேலுள்ள பதிவுக்குப் பின் வந்த பதினொரு வசவுப் பதிவுகள் நீக்கப்பட்டன. வீரரின் வீட்டாரைப் பற்றி எழுதியவர் ஒரு வாரம் வெளியே.

கோப் மேடை | 5 மே 2025

முடிந்தது. காணொளி போட்டுவிட்டார். பருவ முடிவில் போகிறார்.

எட்டு நாட்களுக்கு முன்னால்தான் டாட்டன்ஹாமை 5-1 என்று அடித்து இருபதாவது லீக் பட்டம் வாங்கினோம், யுனைடெட்டின் எண்ணிக்கையைத் தொட்டோம். அந்தச் சந்தோஷம் முழுதாக ஒரு வாரம்.

எண் 66 | 5 மே 2025

கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்தோம். இல்லை, பூனையிடம் கிளி தானாகவே பறந்து போனது. போகட்டும், யார் வேண்டாம் என்றது? ஓராண்டு கூடுதலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, விலை வாங்கிக்கொடுத்துப் போயிருக்கலாம் இல்லையா? வளர்த்த வீட்டுக்கு ஒரு செங்கல்லாவது வைத்துவிட்டுப் போகவேண்டாமா? மைக்கேல் ஓவன் 2004இல் மாட்ரிட்டுக்குப் போனபோது குறைவாகவேனும் 80 லட்சம் பவுண்டு வந்தது. 1999இல் மெக்மனமன் சும்மா போனார், அவரையே நம் ஆட்கள் இன்னும் மன்னிக்கவில்லை.

அவருடைய சட்டை எண்ணைத்தான் இங்கே பெயராக வைத்திருக்கிறேன். அதை மாற்ற வழி உண்டா நடுவரே?

விதிப்புத்தகம் | 6 மே 2025

எண் 66, கோபம் புரிகிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நான் ஓரிடத்தில் பதினோரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, விதிப்படி முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, கடைசி நாள்வரை வந்துபோய் விலகினேன். அந்தக் கடைசி மாதம் என் மேலாளர் என்னிடம் பேசவே இல்லை. காலை வணக்கம் சொன்னால் தலையைத் திருப்பிக்கொள்வார். எனக்கு விற்பனை விலை என்று ஒன்று இருந்து, அதையும் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போ என்று அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். ஒப்பந்தத்தின் கடைசி நாள்வரை ஆடுகிறவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்தானே?

கோப் மேடை | 6 மே 2025

அக்கா, உங்கள் மேலாளர் நீங்கள் விலகும் நாளில் உங்கள் எண்ணைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு அலையவில்லை. அதுதான் வித்தியாசம். வேலை என்பதை அறிவு ஏற்கிறது. ஆனால் "நான் லிவர்பூலின் சாதாரணப் பையன், கனவு பலித்தவன்" என்ற கதையை எங்களுக்கு விற்றார்கள், நாங்கள் வாங்கினோம். சட்டையும் சுவரோவியமும் அந்தக் கதையின் பேரில்தான் விற்றன. வேலைக்காரர் என்றால் முதலிலேயே வேலைக்காரர் என்று சொல்லியிருக்கலாம்.

நீலச்சிங்கம் | 6 மே 2025

இது நியாயமான அடி. பதில் என்னிடம் இல்லை.

பீரங்கிக்காரன் | 11 மே 2025

இன்று அன்ஃபீல்டில் எங்களோடு 2-2. 67வது நிமிடம் அவர் உள்ளே வந்தார். ஒவ்வொரு முறை பந்தைத் தொடும்போதும் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். பட்டம் வென்று இரண்டு வாரம்தான் ஆகிறது! எங்கள் மெரினோ கோல் போட்டுவிட்டுச் சிவப்பு அட்டையும் வாங்கினார், அதைக்கூடக் கவனிக்க முடியவில்லை, அந்தக் கூச்சல்தான் காதில். வெட்கமாக இல்லையா?

சிவப்புச் சாத்தான் | 11 மே 2025

வெட்கத்தைப் பற்றி ஆர்சனல் பேசுகிறது. 2001இல் டாட்டன்ஹாமின் தலைவர் சோல் கேம்பலை ஒரு காசு கொடுக்காமல் கூட்டி வந்தவர்கள் யார்? மத்தியத் தடுப்பாட்டக்காரர், ஒப்பந்தம் முடிந்தவர், அதுவும் பக்கத்து வீடு! டாட்டன்ஹாம்காரர்கள் கூச்சலிட்டபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?

பீரங்கிக்காரன் | 11 மே 2025

சிரித்தோம். அடுத்த ஆண்டே இரட்டைக் கோப்பை வாங்கினோம், 2003-04இல் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்கவில்லை, அப்போதும் சிரித்தோம்.

ஒப்புக்கொள்கிறேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். நாளை சலீபா இப்படிப் போனால் நானும் கூச்சலிடுவேன். ஆனால் இன்று வெளியே நின்று பார்க்கும்போது அது அசிங்கமாகத்தான் தெரிந்தது.

கோப் மேடை | 12 மே 2025

நான் கூச்சலிட்டிருக்க மாட்டேன். கைதட்டியிருக்கவும் மாட்டேன். கூச்சலிட்டவர்கள் பாதிப்பேர் அவரைத் திட்டவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு ஆண்டு காலியாகக் கிடந்த நாற்காலியை நோக்கிக் கூச்சலிட முடியாது. ஆள் ஒருவர் வேண்டும். அவர் கண்ணெதிரே வலப்பக்கத்தில் நின்றிருந்தார்.

எண் 66 | 25 மே 2025

கிரிஸ்டல் பேலஸ், 1-1. இடைவேளைக்குப் பின் வந்தார், இந்த முறை பெரும்பாலும் கைதட்டல். கோப்பையைத் தூக்கினார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குமேல் எழுதவில்லை.

பெர்னபேயு பித்தன் | 30 மே 2025

அறிவித்துவிட்டோம். 2031 ஜூன் 30வரை. உலக கிளப் கோப்பைக்காக ஜூன் 1 முதலே வருகிறார்.

நீலச்சிங்கம் | 30 மே 2025

இதில்தான் சுவாரஸ்யம். ஒப்பந்தம் ஜூன் 30வரை லிவர்பூலுடையது. அந்த ஒரு மாதத்தை மாட்ரிட் விலை கொடுத்து வாங்கியிருக்கிறது, சுமார் 1 கோடி யூரோ என்று செய்திகள். ஒரு மாதம்! தம்பி எண் 66, நீங்கள் கேட்ட செங்கல் வந்துவிட்டது.

எண் 66 | 30 மே 2025

செங்கல் இல்லை. அரைச் செங்கல்.

கோப் மேடை | 30 மே 2025

ஹியூஸ் அந்த ஒரு மாதத்துக்குக் காட்டிய கறாரில் கால்வாசியை யாராவது 2023இல் காட்டியிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது. வலப்பக்கத்துக்கு இன்று லெவர்குசனிலிருந்து ஃப்ரிம்பொங் வந்திருக்கிறார். ஓடுகிறவர். அறுபது மீட்டர் பந்து போடுகிறவர் அல்லர்.

(இழையில் ஐந்து மாதம் பதிவில்லை)

சிவப்புச் சாத்தான் | 5 நவம்பர் 2025

யாராவது உயிரோடு இருக்கிறீர்களா? நேற்று உங்கள் வீட்டுக்கு உங்கள் பழைய பிள்ளை வந்தாரே.

பெர்னபேயு பித்தன் | 5 நவம்பர் 2025

1-0 தோல்வி. மக் அலிஸ்டர் தலையால் அடித்தார். பேச விரும்பவில்லை.

கோப் மேடை | 5 நவம்பர் 2025

கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது இறக்கினார்கள். தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தேன், அப்போதும் கூச்சல் கேட்டது.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அவர் காலுக்குப் பந்து வந்ததும் என் கண் தானாக வலக்கோட்டோரம் போய்ச் சலாவைத் தேடியது. எட்டு ஆண்டுப் பழக்கம். சலா அங்கே இல்லை. மைதானத்தின் மறுகோடியில், சிவப்புச் சட்டையில் இருந்தார்.

எண் 66 | 5 நவம்பர் 2025

சிரிக்கவில்லை அண்ணா. நானும் தேடினேன்.

விதிப்புத்தகம் | 5 நவம்பர் 2025

இழையை மூடிவிடலாமா?

சிவப்புச் சாத்தான் | 5 நவம்பர் 2025

மூடாதீர்கள், தலைப்பை மட்டும் மாற்றுங்கள். கொனாட்டேயின் ஒப்பந்தம் 2026 ஜூன் 30 அன்று முடிகிறது. ஜனவரி 1க்கு இன்னும் 57 நாள்.

கோப் மேடை | 5 நவம்பர் 2025

போட்டுவிடுவார்.